இளைப்பாறச் சொன்னவன்

வாசகசாலையில் படிப்பதற்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். கேட்டவன் தங்கவேலு. நான் ஆயுசெல்லாம் உட்கார்ந்து எழுதிய பட்டுக்கடையில், என் இடத்தில் இப்போது உட்கார்ந்து எழுதுகிறவன். "ரொம்ப நாள் உத்தியோகம் பார்த்தவரு நீங்க. உங்க அனுபவத்தை எழுதிக் குடுத்தா எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றான். எதைப் பற்றி எழுதவேண்டும் என்பதையும் அவனே சொன்னான். நம் ஊரில் ஐம்பதைத் தாண்டிய நெசவாளிகள் வேலை செய்யாமல் சோம்பிக் கிடக்கிறார்களே, அது ஏன்?

சிரித்துக்கொண்டே அவன் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "தெருவுல போய்ப் பாருங்க ஐயா. தறி கீது, குழி கீது, குழியில ஆளும் கீறான். தட்டுற சத்தம்தான் இல்லை. வயசானா எல்லாருக்கும் ஒரே மாதிரி சோம்பேறித்தனம் வந்துடுது."

கோபம் வந்தால் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும், கைதான் ஓடும். இதோ ஓடுகிறது. எழுதி முடித்த பிறகு இதைப் படிக்க விடுவார்களா என்பது அவர்கள் பாடு.

என் அப்பா மிஷன் கோயிலில் உபதேசியார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் கணக்கும் தெரியும், கையெழுத்து முத்துப்போல இருக்கும். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் முதலாளி என்னை ரைட்டராக வைத்துக்கொண்டார். பட்டு எது, நார் எது என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று வருஷத்தில் தெரிந்துகொண்டேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கடையில் வேலை நடக்கும் முறையைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நாங்கள் செய்தது விளங்காது. நெசவாளிக்கு நீளவாக்கில் ஓடுகிற பாவும் குறுக்கே ஓடுகிற ஊடை நூலும் ஜரிகையும் கடை கொடுக்கும். வீட்டுத் தறியின் குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்து அவன் நெய்து சேலையாகக் கொண்டுவருவான். முன்கூடத்தில் ஒரு தேக்குப் பலகை. சேலையை அதன்மேல் விரிப்பார்கள். முதலாளி எடுத்தவுடன் முகப்பைப் பார்க்கமாட்டார். புறப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு கரையும் உடலும் சேருகிற கோர்வையின்மேல் கட்டைவிரல் நகத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட்டுவார். நகம் தட்டினால் அங்கே நிற்பார். கடைசியில் சேலையை வாசல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கச் சொல்வார். இவ்வளவு நேரமும் நெசவாளி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகைக்கு அந்தப் பக்கம் நிற்பான். சேலை பிடித்திருந்தால் முதலாளி இரண்டு விரலால் அதை என் பக்கம் தள்ளுவார். நான் எழுதிக்கொண்டு, உள்ளே குரல் கொடுத்து அடுத்த பாவைக் கொண்டுவரச் சொல்வேன்.

அடுத்த பாவு வராவிட்டால் அந்த நெசவாளிக்கு வேலை போயிற்று என்று அர்த்தம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சேலை முடிந்து அறுக்கும்போது பாவை முழுதும் அறுத்துவிடமாட்டார்கள். தறியில் சீப்புப்போல இருக்கிற அச்சுக்குள்ளும், இழைகளை ஏற்றி இறக்குகிற விழுதுக்குள்ளும் கோத்திருக்கிற இழைகளின் நுனியைக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். புதிய பாவு வந்ததும் ஒவ்வொரு இழையையும் அந்த நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிப் பிணைத்துவிடுவார்கள். அச்சில் தொங்குகிற அந்த நுனி கடையின் சொத்து. அது இருக்கிறவரை நெசவாளி அந்தக் கடையின் ஆள். வேறு கடைப் பாவை அதில் பிணைக்கக் கூடாது. தானாக அறுத்தவனுக்கு ஊரில் எந்தக் கடையும் பாவு கொடுக்காது. கடையிலிருந்து யாராவது 'அறுத்துக்கோ' என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தை போதும்; அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

முதலாளி குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே பேசுவார். ஒருவனை நிறுத்திவிட முடிவு செய்தால் அவனிடம் உடம்பை விசாரிப்பார். "உடம்பு எப்படி கீதுப்பா?" அவ்வளவுதான். கடையில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியாதவர்கள் கிடையாது.

ஆரம்ப காலத்தில், கேள்வி முடிந்ததும் "இனிமே பாவு இல்லை, அறுத்துக்கோ" என்று சொல்லிவிடுவார்கள். நெசவாளி கத்துவான். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து கடை வாசலில் உட்காருவான். பிறகு வேறு கடைக்குப் போய்விடுவான். முதலாளிக்கு இரண்டும் பிடிக்கவில்லை. எங்கள் கடைக்கென்று ஒரு கரை உண்டு. இரட்டை வரிசையில் மொட்டு, நடுவே மெல்லிய ஜரிகைக் கம்பி. சென்னைப் பட்டணத்து வியாபாரிகள் அந்தக் கரையை வைத்தே கடையைச் சொல்லிவிடுவார்கள். போகிற நெசவாளியின் கையோடு அந்தக் கரையும் போய்விடுகிறதே என்பது அவர் கவலை.

ஒருநாள் என்னைக் கேட்டார். "நீ படிச்சவன். இவங்களைப் போன்னும் சொல்லக்கூடாது, இருன்னும் சொல்லக்கூடாது. சத்தம் இல்லாம வூட்டுல உக்காரணும். வேற கடைக்கும் போகக்கூடாது. அதுக்கு ஒரு வார்த்தை சொல்லேன்."

நான் யோசிக்கக்கூட இல்லை. "இளைப்பாறச் சொல்லலாம், முதலாளி" என்றேன்.

என் அப்பா சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் முழங்காலிட்டுச் சொல்கிற வார்த்தை அது. வயலிலிருந்து உடம்பு ஓய்ந்து வருகிற கிழவர்களுக்காக ஜெபத்தில் சொல்கிற வார்த்தை. நான் அதைத் தூக்கிப் பட்டுக்கடைப் பலகைமேல் போட்டேன்.

முதலாளி அதை வாயில் போட்டுப் பார்த்தார். "இளைப்பாறு... நல்லா கீதே! வேலை உண்டுன்னும் சொல்லலை, இல்லேன்னும் சொல்லலை." அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு ஜரிகைக்கரை வேட்டி அனுப்பினார். அதைக் கட்டிக்கொண்டுதான் கோயிலுக்குப் போனேன். எல்லோரும் பார்க்கவேண்டும் என்று முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

ரயில் பாதை எங்கள் பக்கம் வந்த பிறகு அந்த வார்த்தைக்கு வேலை கூடிப்போயிற்று. முன்னெல்லாம் சேலைகளைப் பேல் மூட்டையாகக் கட்டி மாட்டுவண்டியில் அனுப்புவோம். சேலை நாலு நாள் தாமதமானால் யாரும் கேட்கமாட்டார்கள். ரயில் வந்ததும் பட்டணத்து வியாபாரிகள் ஜல்தி ஜல்தி என்று தந்தி அடித்தார்கள். வயதானவர்களின் கை நன்றாக இருந்தது, வேகம்தான் குறைவு. அவர்களை ஒவ்வொருவராக இளைப்பாறச் சொன்னோம். சொன்னது நான். முதலாளி உடம்பை விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்புவார். மீதியை நான் சொல்வேன்.

அருணாசலத்துக்கும் அப்படித்தான் சொன்னேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். அன்று அவரை நான் 'நீ' என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. எங்கள் கடைக் கரையை அவரைப்போல் நெய்ய ஆள் கிடையாது. அன்றைக்கு அவர் சேலையில் முதலாளியின் நகம் ஓரிடத்தில் லேசாகத் தட்டியது. ஒரே ஓர் இடத்தில்.

"உடம்பு எப்படி கீதுப்பா, அருணாசலம்?"

"உடம்புக்கு இன்னாங்க? கல்லுக்குண்டாட்டம் கீறேன்."

"கண்ணு?"

"என் பொண்டாட்டி மூணு வூடு தள்ளி நின்னுகினு என்னைத் திட்டினா, வாய் அசையறதை வெச்சே இன்னா திட்டுன்னு சொல்லிடுவேங்க."

முதலாளி சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்ச நாள் இளைப்பாறு, அருணாசலம்" என்றேன். "ஆடி போகட்டும். பாவு வந்ததும் சொல்லி அனுப்பறேன். இழையை மட்டும் அறுத்துடாதே."

அவர் என்னைப் பார்த்தார். "நான் களைச்சுப் போயிட்டேன்னு உங்ககிட்ட யாரு ரைட்டரே சொன்னது?"

மற்றவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் குனிந்து எதையோ எழுதினேன்.

ஆடி போயிற்று. ஆவணியும் போயிற்று. அவர் வந்து கேட்பார், நான் அடுத்த மாசம் என்பேன். ஒருநாள் முகத்தில் சந்தோஷத்தோடு வந்தார். "போளூர்க்காரர் ஒருத்தர் பாவு தரேன்றார் ரைட்டரே. என் வேகம் போதும்னு சொல்லிட்டார். அறுத்துக்கவா?"

உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன். "அறுக்கச் சொன்னா நம்ம கரை போளூருக்குப் போயிடும். அங்கியே இருக்கட்டும் விடு" என்றார்.

"நாம பாவு குடுத்துடலாமா?"

"இன்னாத்துக்கு?"

வெளியே வந்து, "அறுக்காதே. நம்ம பாவே வருது. அடுத்த மாசம் நிச்சயம்" என்றேன்.

"நீங்க ஜெபம் பண்றவரு. நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். போளூர்க்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

தங்கவேலுவுக்கு இந்த இடம் நன்றாகப் புரியவேண்டும். இந்த மனிதர் அதன் பிறகு தினமும் காலையில் குளித்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கி உட்காருவார். தொங்குகிற நுனிகள் சிக்கலாகிவிடாமல் கையால் கோதிவிடுவார். அச்சில் தூசி தட்டுவார். விழுதை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். பாவு எந்த நேரத்தில் வந்தாலும் தறி ஆயத்தமாக இருக்கவேண்டுமே! அவர் மனைவி குப்பம்மாள் வேறு கடைக்கு நூல் இழைத்துக் கொடுத்து அடுப்பெரித்தாள். ஒருமுறை நான் அந்தத் தெருவில் போகும்போது அவள் குரல் வெளியே கேட்டது.

"வெறும் குழியில உக்காந்துகினு இன்னா பண்ற? முட்டை வெச்சு அடைகாக்கறியா?"

"ரைட்டரு சொல்லி அனுப்புவாரு, நீ வாயை மூடு."

"அனுப்புவாரு, அனுப்புவாரு! அந்தப் பாவு கோழிக்குஞ்சாட்டம் நடந்து வந்துகினு கீது, கதவைத் தொறந்து வை!"

தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். அருணாசலம் சோம்பேறி ஆகிவிட்டார் என்று முதலில் பேசியது அந்தத் தெருதான். பிறகு கடையில் பேசினார்கள். இப்போது வாசகசாலையில் பேசுகிறார்கள். வேலையும் கொடுக்காமல், வேலைக்குப் போகவும் விடாமல், ஒரு மனிதரைக் குழியில் உட்காரவைத்தது நாங்கள். உட்கார்ந்திருக்கிறாரே என்று ஏசியதும் நாங்கள். இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தவன் நாக்கில் புழு விழவேண்டும். என் நாக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து, பட்டணத்து வியாபாரிகள் முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அருணாசலம் வந்தார். தறியிலிருந்து அச்சையும் விழுதையும் கழற்றி, இழைநுனிகள் தொங்க, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சேலை விரிக்கிற அந்தத் தேக்குப் பலகைமேல் வைத்துத் துணியைப் பிரித்தார்.

"முதலாளி, எனக்குப் பாவு வாணாம். நான் கேக்கலை. அறுத்துக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

முதலாளி காம்பைக் கிள்ளிக் கீழே போட்டார். "உடம்பு எப்படி கீதுப்பா?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

பேல் கட்டுகிற கயிற்றை அறுக்க என் மேசைமேல் எப்போதும் ஒரு பேனாக்கத்தி கிடக்கும். அது என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அருணாசலமும் அதைப் பார்த்தார். நான் எழுந்து, அந்தத் துணியை அச்சின்மேல் மறுபடியும் மூடினேன்.

"பாவு வருது அருணாசலம். எடுத்துக்கினு போ."

அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். என் மேலே துப்பியிருக்கலாம். மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாவு ஒருநாள் உண்மையாகவே வந்தது. பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு எங்கள் கடைக் கரையில் சேலைகள் கேட்டார்கள். இளைஞர்கள் நெய்த கரை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. முதலாளி அருணாசலத்தின் பெயரைச் சொன்னார். நானே பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். பிணைக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு போனேன். குப்பம்மாள் கதவைத் திறந்துவைத்தாள். பழைய நுனிகள் ஒன்றுகூடச் சிக்காமல் இருந்தன. பிணைத்து முடித்ததும் அருணாசலம் குழியில் இறங்கினார்.

முதல் மிதியிலேயே அவர் கால் நடுங்குவதைப் பார்த்தேன். கரைக்கு நூல் ஓட்டுகிற சின்ன நாடாக்கட்டையை விரல்கள் பிடிக்கவில்லை, மடங்கவே மறுத்தன. இரண்டு இழை அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடியும் தட்டினார். மொட்டு ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. அதை அவிழ்த்து மறுபடியும் தட்டினார். மறுபடியும் சாய்ந்தது. நாடாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை ஆறிப்போச்சு ரைட்டரே" என்றார். "நீங்க சொன்ன மாதிரியே நல்லா ஆறிப்போச்சு."

பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். பிணைத்த இடத்துக்கு மேலே அறுத்து எடுத்தோம். பழைய நுனிகள் அச்சிலேயே இருந்தன. அப்போதும் அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "பார்த்தியா? சோம்பேறி ஆயிட்டான்னு நான் சொன்னேன் இல்ல?" என்றார் முதலாளி. நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

முதலாளி காலமாகிவிட்டார். சின்ன முதலாளி வந்தார். அவரும் வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிறார். அப்பாவிடமிருந்து வேறு எதைக் கற்றாரோ தெரியாது, இதைக் கற்றுக்கொண்டார். சென்ற வருஷம் ஒருநாள் நான் வரவு எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"உடம்பு எப்படி கீது, ரைட்டரே?"

அந்தக் கேள்வி என்ன கேள்வி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என் கண் நன்றாக இருக்கிறது. கணக்கில் ஒரு தப்பு கிடையாது. எல்லாம் சொன்னேன். அருணாசலம் சொன்ன மாதிரியே, கல்லுக்குண்டாக இருக்கிறேன் என்றுகூடச் சொன்னேன்.

"அதுக்கில்லே. கொஞ்ச நாள் இளைப்பாறுங்க. வேலை வந்தா சொல்லி அனுப்பறேன். மாதிரிப்பெட்டிச் சாவி மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

கடையில் இதுவரை நெய்த கரைகளின் மாதிரித் துண்டுகள் இருக்கிற பெட்டி அது. அதன் சாவி என் இடுப்பில் இருக்கிறவரை நான் அந்தக் கடையின் ஆள். வந்தவாசியில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சாவி விஷயம் கேள்விப்பட்டதும், "அங்க தீர்த்துக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். என் அச்சிலும் நுனி தொங்குகிறது.

ஒரு வருஷமாக நான் காலையில் எழுந்து, குளித்து, கோட்டு மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறேன். பேனாவைச் சீவி வைக்கிறேன். யாரும் சொல்லி அனுப்பவில்லை. என் மாப்பிள்ளை வந்து, "மாமாவுக்கு இப்பதான் நிம்மதி" என்கிறார். கோயிலில் பாதிரி ஐயர் என் தோளைத் தட்டி, கர்த்தர் உங்களுக்கு இளைப்பாறுதல் கொடுத்தார் என்றார். கர்த்தர்மேல் பழி போடாதீர்கள், அது என் வேலை என்று சொல்ல வாய்வரை வந்தது.

தங்கவேலு கட்டுரை கேட்டது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் நான் கடைக்குப் போனேன். பட்டணத்து வியாபாரிகள் இருந்தார்கள். நான் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"எனக்கு வேலை வேணாம். சாவியை வாங்கிக்கினோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சின்ன முதலாளி தங்கவேலுவைப் பார்த்தார். அவன் எழுந்து வந்தான். மரியாதையாகத்தான் வந்தான். சாவியை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினான்.

"வேலை வருது ஐயா. எடுத்துக்கினு போங்க."

அந்த வார்த்தைகளை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாற்காலி சொல்லித்தந்திருக்கிறது. நான் சாவியை வாங்கி, மறுபடியும் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நேராக அருணாசலம் வீட்டுக்குப் போனேன்.

அவர் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. குப்பம்மாள் இழைத்த நூலை மடங்காத விரல்களால் சுற்றிக்கொண்டிருந்தார். கடையில் எனக்கு நடந்ததைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"ஏய், குப்பம்மா! ரைட்டரையும் ஆறச் சொல்லிட்டாங்களாம்!"

"ஆறட்டும், ஆறட்டும். சூடா இருந்தா வாய் வெந்துடும்" என்றாள் அவள் உள்ளிருந்து.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் கொடுக்கவேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. அந்த அச்சு எங்கே என்று மட்டும் கேட்டேன். குப்பம்மாள் பரண்மேல் ஏறி அதைக் கீழே தள்ளிவிட்டாள். அதே துணியில் சுற்றியிருந்தது. பிரித்தேன். தூசிக்கு அடியில் பட்டின் சிவப்பு அப்படியே இருந்தது.

"அறுத்துக்கோங்க" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, கோட்டுப் பையிலிருந்து என் பேனாக்கத்தியை எடுத்து நானே அறுத்தேன். பழைய இழை, கத்தி பட்டதும் விட்டுவிட்டது. குப்பம்மாள் விளக்குமாற்றால் அதை வாசலுக்குத் தள்ளினாள்.

அருணாசலம் வெறும் அச்சைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா ரைட்டரே?" என்றார். "இத்தினி சின்ன வேலையா இது?"

தங்கவேலு, நீ கேட்ட கட்டுரை இதுதான். சாவி உன் மேசைமேல் இருக்கிறது. அதை என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதே.